கரண்ட் வைக்க எத்தனை நாள்?

ஜூன் பிறந்து குற்றாலம் பேரருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால், எங்கள் பக்கத்தில் வைத்தியக் கேள்விகள்கூட அருவி வழியாகத்தான் வரும். கண் ஆபரேஷன் முடிந்து எத்தனை நாள் கழித்துக் குளிக்கலாம், ஸ்டென்ட் வைத்தவர் தலையை நேரே அருவிக்குக் கொடுக்கலாமா, இப்படி. இந்தச் சீசனில் வந்த கேள்வி வேறு. "அண்ணாச்சி, எங்கப்பாவுக்குப் புரோஸ்டேட்ல கட்டி. கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாவ. அருவில குளிக்கவே கூடாதாமே, நெசமா?"

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், இலஞ்சியில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு இதே வைத்தியம் நடந்தபோது கூடவே அலைந்தவன் நான். டாக்டர் கிடையாது. காத்திருக்கும் ஹாலில் உட்கார்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிப் பேசி, ராத்திரி வீட்டுக்கு வந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, கொஞ்சம் விவரம் சேர்ந்த ஆள். அருவிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, கீழே வருகிறேன். ஆனால் கேட்டவரிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை நாள் கரண்ட்டுன்னு சொன்னாவ?" அவருக்குத் தெரியவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த மிஷின், எத்தனை லட்சம், எல்லாம் தெரிந்திருந்தது. நாள் கணக்கை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கரண்ட் என்று எங்கள் பக்கம் சொல்வது கதிர்வீச்சைத்தான். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான கதிர்வீச்சில் இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் நடந்த பெரிய காரியம் என்னைப் பொறுத்தவரை அந்த நாள் கணக்குதான். 39 நாள் 20 நாளானது. சிலருக்கு 5 நாளானது. சென்னையிலோ பெங்களூரிலோ ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கு இது ஒரு வசதி. தென்காசிக்காரருக்கு வைத்தியம் செய்துகொள்வதா, பாதியில் விடுவதா என்பதே இதில்தான் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், மூத்திரக் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி. வயதானால் பெருக்கும்; அது வேறு, புற்றுநோய் வேறு. இரண்டிலும் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க நேரிடலாம், இரண்டிலும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை கூடுதலாகக் காட்டலாம். அதனால் பி.எஸ்.ஏ. 4-ஐத் தாண்டிய உடனே ஒப்பாரி வைக்க வேண்டாம். மூத்திரத்தில் கிருமி இருந்தாலே ஏறும்.

அந்தச் சுரப்பி இருக்கும் இடம்தான் கதிர்வீச்சுக்காரர்களுக்கு ஆதிநாள் முதலே தலைவலி. மேலே மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், இரண்டுமே ஒட்டிக்கொண்டு. கோபால்ட் மிஷின் வைத்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்வது 1951இல் கனடாவில் தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் ஆரம்பித்த கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு அந்த 50களிலேயே கனடாவிலிருந்து கோபால்ட் மிஷின் வந்துவிட்டது. நம் தாத்தாக்கள் "அடையாறுக்குப் போயிட்டான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது அந்தக் காலத்தைத்தான். கோபால்ட் நல்ல உழைப்பாளி; கரண்ட் போனாலும் அது கதிரை விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஐந்தேகால் வருடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அப்புறம் அதே அளவு கதிருக்கு நோயாளி இரண்டு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, குறி. முன்னும் பின்னும் இடமும் வலமும் நாலு பக்கமிருந்து சதுரமாக அடிப்பார்கள். நடுவில் சுரப்பி மாட்டும், சரி. கூடவே குடலும் பையும் மாட்டும். குடலைப் புண்ணாக்காமல் இருக்க அளவைக் குறைப்பார்கள். அளவு குறைந்தால் நோய் திரும்பி வரும்.

பிறகு லீனியர் ஆக்சிலரேட்டர் வந்தது. அதன் வாயில் டங்ஸ்டனில் செய்த மெல்லிய தகடுகள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக நகர்ந்து, கட்டி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் கதிருக்கு வழிவிடும். ஐ.எம்.ஆர்.டி. என்று பில்லில் போட்டிருப்பார்களே, அது இதுதான். வீமேட் என்று போட்டிருந்தால், மிஷின் ஆளைச் சுற்றிக்கொண்டே அடிக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நிமிடத்தில் சுற்றி முடித்துவிடும். இப்படிக் குடலை ஒதுக்கி அடிக்க முடிந்ததால் அளவைத் தைரியமாக 78 கிரே வரை ஏற்றினார்கள். கிரே என்பது கதிரின் அளவுக்கான அலகு. ஒரு நாளைக்கு 2 கிரே, 39 நாள். சனி, ஞாயிறு லீவு. ஆகமொத்தம் எட்டு வாரம்.

எட்டு வாரம் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்கணக்கில் சொல்கிறேன். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, எஸ்.பி. ஆபீஸ் வந்தது. ஆனால் கரண்ட் வைக்கப் போகிறவருக்கு வழி பழைய வழிதான். நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கதிர்வீச்சுத் துறை இருக்கிறது, லீனியர் ஆக்சிலரேட்டரும் வந்துவிட்டது. ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டிப் போய்த் திரும்ப ஒரு பகல் போய்விடும். செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் பலர் திருவனந்தபுரம் போவார்கள். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் அது. அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரி விஷயத்தில் இன்னும் போகவில்லை. ரீஜனல் கேன்சர் சென்டர் 1981இல் அங்கே வந்த பிறகு ஆரியங்காவு, தென்மலை வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு போவது இன்னும் கூடியது. நூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதி வளைவு. வசதியுள்ளவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்குப் போய் ரூம் எடுத்துத் தங்குவார்கள்.

மிஷினில் படுத்திருப்பது ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். மற்றதெல்லாம் பயணம், அல்லது வாடகை. கூடப் போகும் மகன் எட்டு வாரம் வேலைக்குப் போக முடியாது. மகனுக்கு லீவு போடும் வேலையாக இருந்தால் பரவாயில்லை, நாள் கூலி என்றால்? நான் பார்த்த வரையில் பாதியில் நின்றவர்கள் யாரும் வலி தாங்காமல் நிற்கவில்லை. நடவு வந்துவிட்டது, மகளுக்குப் பிரசவம், ரூம் வாடகைக்குக் கடன் வாங்கியது போதும் என்று நின்றவர்கள்தான்.

ஏன் 39 நாளாகப் பிரித்தார்கள்? ஒரேயடியாக அடித்தால் பக்கத்துத் திசுக்கள் தாங்காது என்பதால். கதிர் படும் ஒவ்வொரு செல்லிலும் உடைசல் விழும். நல்ல செல் கெட்டிக்காரக் கொத்தனார் மாதிரி. பகலில் விழுந்த விரிசலை ராத்திரியே பூசிவிடும். புற்றுநோய்ச் செல் பொதுவாகப் பூச்சு வேலையில் மட்டம். தினம் கொஞ்சம் கொஞ்சமாக இடித்தால் நல்ல சுவர் நிற்கும், கெட்ட சுவர் விழும். பெரும்பாலான புற்றுநோய்களுக்கு இந்தக் கணக்கு சரி. புரோஸ்டேட் புற்றுநோய் மட்டும் இதில் ஒரு தினுசு. அது மெதுவாக வளர்கிற சாதி, அதற்கும் பூசத் தெரியும். தினம் 2 கிரே என்று தட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ராத்திரியில் பூசிக்கொள்கிறது. ஒரு நாளைக்கான அளவைப் பெரிதாக்கினால் அதற்குத்தான் சேதம் அதிகம். ஆகவே குறைந்த நாள், நாளுக்கு அதிக அளவு என்பது நம் வசதிக்காகச் செய்த சமாதானமே கிடையாது. இந்த நோயின் குணத்துக்கு அதுதான் பொருத்தம். இதை ரேடியோபயாலஜிக்காரர்கள் காகிதத்தில் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆளை வைத்து நிரூபிக்கக் காலம் பிடித்தது.

முதலில் இங்கிலாந்தில் நடந்த சிப் என்ற ஆய்வு. 3,216 பேர். 37 நாளில் 74 கிரே கொடுத்தவர்களையும் 20 நாளில் 60 கிரே கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள், நீண்ட வைத்தியத்தில் 88.3 சதவீதம், 20 நாள் வைத்தியத்தில் 90.6 சதவீதம். 2016இல் இது வெளியான பிறகு இங்கிலாந்தில் 20 நாள் என்பதே வழக்கமாகிவிட்டது. கூட்டிக் கழித்துப் பாருங்கள், நெல்லைக்குப் போய்வரும் கணக்கில் கிட்டத்தட்டப் பாதி மிச்சம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. ஸ்வீடனும் டென்மார்க்கும் சேர்ந்து 1,200 பேரிடம் செய்தது, 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பக்கம் 39 நாள், இன்னொரு பக்கம் ஒன்றுவிட்டு ஒரு நாளாக 7 தடவை, இரண்டரை வாரம். ஐந்து வருடத்தில் இரு பக்கமும் ஒரே அளவு, 84 சதவீதம். இதில் எனக்குப் பிடித்தது எதுவென்றால், அந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு வைத்தியம் செய்தது புது மாடல் தொழில்நுட்பத்தில் இல்லை. ஐ.எம்.ஆர்.டி.க்கு முந்தைய முப்பரிமாண முறையில்தான். ஆனால் சுரப்பிக்குள் தங்க மணிகளைப் புதைத்து, ஒவ்வொரு முறையும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். மிஷின் எத்தனை கோடி என்பதைவிட, அடிக்கும் முன் பார்க்கிறார்களா என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

மூன்றாவது, 5 நாள். பேஸ்-பி என்று பெயர். லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் நிக்கலஸ் வான் ஆஸ் தலைமையில் 874 பேர், இங்கிலாந்து, அயர்லாந்து, கனடா. 36.25 கிரேயை ஐந்தே தடவையில் கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் முடிவு வெளியானது. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 95.8 சதவீதம், வழக்கமான முறையில் 94.6. திங்கட்கிழமை அட்மிஷன், அடுத்த திங்கள் வீடு என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

இனிப்பை மட்டும் சொல்லக் கூடாது. ஐந்து நாள் வாங்கியவர்களுக்கு மூத்திரத் தொல்லை கொஞ்சம் அதிகம். ஐந்து வருடத்துக்குள் மருந்து தேவைப்படும் அளவுக்கு அது வந்தவர்கள் 26.9 சதவீதம், மற்றவர்களில் 18.3. ஏற்கனவே சொட்டுச் சொட்டாகப் போகிற ஆள் என்றால் டாக்டர் 5 நாளுக்கு யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும். இன்னொன்று, இந்த ஆய்வில் இருந்தவர்கள் நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கிய, ஆபத்து குறைந்த அல்லது நடுத்தரமான ஆட்கள். ஹார்மோன் ஊசி போடாதவர்கள். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அந்த நிலையைத் தாண்டித்தான் போகிறார்கள். "வயசாயிட்டு, மூத்திரம் அப்படித்தான் போகும்" என்று வருடக்கணக்கில் இருந்துவிட்டு, முதுகெலும்பு வலித்த பிறகு.

மாமாவுக்கு 20 நாள் என்றார்கள். நடுத்தர ஆபத்து, அதிலும் கொஞ்சம் மேல்பக்கம். ஆறு மாதத்துக்கு ஹார்மோன் ஊசியும். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். "முப்பது வருசம் கம்பத்துல ஏறி எறங்கினேன் மருமவனே, அப்பெல்லாம் அடிக்காத கரண்டு இப்பப் படுக்கப் போட்டு அடிக்கி" என்று ஹாலில் இருந்த எல்லாரையும் சிரிக்க வைத்தார். அந்த ஹாலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவு முடியாது.

விஷயம் என்னவென்றால், புரோஸ்டேட் ஒரு இடத்தில் நிலையாக இருக்காது. மூத்திரப்பை நிறைந்திருந்தால் ஒரு பக்கம் தள்ளும், மலக்குடலில் வாயு இருந்தால் இன்னொரு பக்கம் தள்ளும். மில்லிமீட்டர் கணக்கில் குறிவைக்கிற வைத்தியத்தில் இது போதும், எல்லாவற்றையும் கெடுக்க. அதனால் தினமும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவார்கள். குடல் காலியாக இருக்க வேண்டும். பை நிறைந்திருக்க வேண்டும். பை நிறைந்தால் அதன் பெரும்பகுதி மேலே விலகி நின்று கதிரிலிருந்து தப்பும், சிறுகுடலையும் தள்ளி வைக்கும். போனதும் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். எழுபது வயதுக்காரர்கள். அடக்க முடியாததுதான் அவர்களுடைய நோயே. வரிசையில் முன்னால் இருப்பவருக்குக் கொஞ்சம் தாமதமானால், தண்ணீர் குடித்துவிட்ட நாலு பெரியவர்களும் காலைப் பின்னிக்கொண்டு நெளிவார்கள். ஒருவர் தாங்காமல் ஓடிப்போய்விட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து தண்ணீர். ஒருவருக்கொருவர் "இன்னும் பத்து நிமிசம் அண்ணாச்சி, புடிச்சுக்கிடுங்க" என்று தைரியம் சொல்லிக்கொள்வதைக் கேட்டால் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

படுத்தவுடன் மிஷினே ஒரு ஸ்கேன் எடுக்கும். திட்டம் போட்ட நாளில் இருந்தபடி பையும் குடலும் இருக்கின்றனவா என்று டெக்னீஷியன் பார்ப்பார். வாயு இருந்தால் எழுப்பி அனுப்பிவிடுவார், நடந்துவிட்டு வாருங்கள் என்று. மாமாவை ஒரு நாள் அப்படி அனுப்பினார்கள். முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்தார். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். தென்காசிக்காரனிடம் பார்டர் பரோட்டாவை நிறுத்து என்று சொல்வதற்குக் கதிர்வீச்சே பரவாயில்லை. அன்றிலிருந்து இட்லி, ரசம் சோறு, இடியாப்பம். பட்டாணி, சுண்டல், பலாக்கொட்டை, முட்டைக்கோஸ் கிடையாது. சீசன் பழத்தில் மங்குஸ்தான் சாப்பிடலாம் என்று சொன்னபோது ஏதோ விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

பயண விஷயத்தில் அனுபவத்தில் தெரிந்த ஒன்று. தினம் போய்வருகிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுச் செங்கோட்டை–நெல்லை பாசஞ்சரைப் பாருங்கள். ரயிலில் கக்கூஸ் இருக்கிறது. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு அதன் அருமை தெரியும். மூத்திரம் போகும்போது எரிச்சல், அடிக்கடி முட்டுவது, ஆசனவாயில் உறுத்தல், இதெல்லாம் அப்போதுதான் ஆரம்பிக்கும். முடிந்து சில வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மாதங்கள், வருடங்கள் கழித்து மலத்தில் கொஞ்சம் ரத்தம் வருவதும் உண்டு. வந்தால் மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிடாமல், கரண்ட் வைத்த டாக்டரிடமே காட்டுங்கள். ஆண்மைக் குறைவு வரலாம். அதை நோயாளியும் கேட்க மாட்டார், கூட வந்த மகனும் கேட்க மாட்டான், டாக்டரும் அவசரத்தில் விட்டுவிடுவார். நான் வெளியே போய் நின்றுகொண்டு மாமாவைத் தனியாகக் கேட்கச் சொன்னேன்.

சரி, அருவி. நான் டாக்டரிடம் கேட்டு வாங்கிய பதில் இது. இப்போதைய மிஷின்களில் கதிர் ஆழத்தில்தான் வேலை செய்கிறது, இடுப்புத் தோல் பெரிதாகக் கருகுவதில்லை. தண்ணீர் பட்டால் ஆபத்து என்று எதுவும் இல்லை. வீட்டில் தாராளமாகக் குளிக்கலாம். ஆனால் இடுப்பில் மையால் கோடு போட்டிருந்தால், எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் அது போய்விடும். மறுநாள் குறி பார்க்கச் சிரமம். சில இடங்களில் பச்சை குத்துகிற மாதிரிச் சின்னப் புள்ளி வைத்துவிடுகிறார்கள், அது போகாது. பெரிய கவலை வேறு. ஹார்மோன் ஊசி போடுகிறவர்களுக்கு எலும்பு பலம் குறையும். பாசி பிடித்த பாறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிந்துவிடும். அந்தத் தண்ணீர் அடிக்கும் அடியும் லேசானதில்லை. குளிர்ந்த தண்ணீரில் நின்றால் மூத்திரம் உடனே முட்டும், கூட்டத்தில் எங்கே ஓடுவது? ஆகவே வைத்தியம் முடிந்து எரிச்சல் அடங்கும் வரை பேரருவியும் ஐந்தருவியும் வேண்டாம். ஹார்மோன் ஊசியால் மாமாவுக்கு உடம்பு திடீர் திடீரென்று தீயாக எரியும், அந்தக் கொதிப்பில் அருவிக்குப் போகணும் என்று அடம் பிடித்தார். வீட்டுப் பம்புசெட்டில் உட்கார வைத்தோம்.

பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்பது அடுத்து எல்லாரும் கேட்பது. வெளியிலிருந்து மிஷினில் வைக்கும் கதிர், மிஷின் நின்றவுடன் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. தூக்கலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம்.

எல்லாருக்கும் வைத்தியமே தேவையா என்பதையும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் புரொடெக்ட் என்ற ஆய்வில் 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆபரேஷன், ஒன்றுக்குக் கதிர், ஒன்றைச் சும்மா கண்காணிப்பு என்று விட்டுப் பதினைந்து வருடம் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. மூன்றிலும் இந்த நோயால் செத்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆரம்ப நிலை, சாதுவான கட்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்த்துக்கொண்டு இருப்பதும் வைத்தியம்தான். நம் வீடுகளில் இதை ஏற்க வைப்பது கஷ்டம். புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அனுப்பினால், டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று நினைப்போம்.

முற்றிய பக்கம் இருப்பவர்களுக்கு நம் நாட்டு ஆய்வே வழி காட்டியிருக்கிறது. மும்பை டாடா மெமோரியலில் வேதாங் மூர்த்தியும் கூட்டாளிகளும் ஆபத்து அதிகமுள்ள 224 பேரிடம் செய்தது. சுரப்பிக்கு மட்டும் கதிர், இல்லை சுரப்பியோடு இடுப்புப் பகுதி நெறிக்கட்டிகளுக்கும் சேர்த்துக் கதிர். இரண்டும் 25 நாள். ஐந்து வருடத்தில் பி.எஸ்.ஏ. ஏறாமல் இருந்தவர்கள் முதல் வகையில் 81.2, இரண்டாவது வகையில் 95 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கையில் அந்த ஐந்து வருடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 2021இல் வெளியானது. நம் ஆட்களை வைத்து, நம் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் செய்த ஆய்வு என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை. இப்படி முற்றியவர்களுக்கும் 25 நாளுக்குப் பதில் 5 நாள் போதுமா என்று பார்க்கும் ஆய்வையும் அவர்களேதான் கையிலெடுத்தார்கள். எட்டு வாரம் ரூம் எடுக்க முடியாத நோயாளிகள் தினமும் வந்து நிற்கிற ஊரில் அந்தக் கேள்வி பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

எலும்பில் இரண்டொரு இடத்தில் பரவிவிட்டது என்றால் முன்பெல்லாம் ஹார்மோன் ஊசியோடு விட்டுவிடுவார்கள். 2018இல் இங்கிலாந்தின் ஸ்டாம்பீட் ஆய்வு, பரவல் குறைவாக இருந்தால் சுரப்பிக்குக் கதிர் கொடுப்பதால் ஆயுளே கூடுகிறது என்று காட்டியது. மூன்று வருடம் உயிரோடு இருந்தவர்கள் 73 சதவீதத்திலிருந்து 81 ஆனார்கள். அதில் ஒரு முறை வாரத்துக்கு ஒரு நாள் வீதம் ஆறே தடவை. வாரம் ஒரு நாள்! சங்கரன்கோவிலில் இருந்து நெல்லைக்கு வாரம் ஒரு தடவை போக முடியாதா ஒரு மகனால்? "நாலாவது ஸ்டேஜ், இனி என்ன" என்று வீட்டுக்குக் கூட்டிவருகிறவர்கள், இந்த ஒன்றையாவது டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

விளம்பரத்தில் வருகிற விஷயங்களுக்கு நான் அவ்வளவு மயங்குவதில்லை. சென்னையில் 2019இல் அப்போலோவின் புரோட்டான் மையம் திறந்தது, தெற்காசியாவில் முதல். குழந்தைகளின் மூளைக் கட்டி மாதிரியான இடங்களில் புரோட்டானுக்கு நியாயம் இருக்கிறது. புரோஸ்டேட்டுக்கு? அமெரிக்காவில் 450 பேரிடம் புரோட்டானையும் சாதாரண ஐ.எம்.ஆர்.டி.யையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2024இல் சொன்னார்கள், குடல் தொல்லையில் வித்தியாசம் இல்லை, நோய் அடங்குவதிலும் இல்லை. வயலை விற்றுப் போக வேண்டிய காரியமில்லை அது. எம்.ஆர்.ஐ.யும் கதிர் மிஷினும் ஒன்றாகச் சேர்ந்த இயந்திரம் வேறு ரகம், அதில் விஷயம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 156 பேரிடம் பார்த்தபோது, குறியைச் சுற்றி விடும் இடைவெளியை 4 மில்லிமீட்டரிலிருந்து 2 ஆகக் குறைக்க முடிந்தது, உடனடி மூத்திரத் தொல்லை 43 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தது. விலை ஒரு சின்ன ஊராட்சி பட்ஜெட். குடலுக்கும் சுரப்பிக்கும் நடுவே ஜெல்லை ஊசியால் செலுத்தித் தள்ளி வைப்பதும் வந்திருக்கிறது. ஜெல் சில மாதத்தில் கரைந்துவிடும், பணமும்தான். இவற்றுக்கெல்லாம் நடுவில் எனக்கு உருப்படியாகத் தெரிவது, ஸ்கேனில் தெரியும் கட்டிக்கு மட்டும் அளவைக் கூட்டுவது. நெதர்லாந்து, பெல்ஜியத்தில் 571 பேரிடம் அப்படிச் செய்து நோய் திரும்பாதவர்களை 85இலிருந்து 92 சதவீதமாக்கினார்கள், தொல்லை கூடாமல். அதற்குப் புது மிஷின் வேண்டாம். நல்ல எம்.ஆர்.ஐ.யும், பொறுமையாகக் கோடு வரைகிற டாக்டரும், கதிர்க் கணக்குப் போடுகிற பிசிசிஸ்டும் போதும்.

மிஷின் இல்லாத கதிர்வீச்சும் வந்திருக்கிறது. புரோஸ்டேட் செல்லின் மேல் பி.எஸ்.எம்.ஏ. என்று ஒரு புரதம் உண்டு. அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தில் கொஞ்சம் கதிரியக்கத்தைக் கட்டி ஊசியாகப் போட்டால், ஸ்கேனில் நோய் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பளிச்சென்று தெரியும். 2020இல் ஆஸ்திரேலியா ஆய்வில் பழைய ஸ்கேன்களின் துல்லியம் 65 சதவீதம், இதற்கு 92. அதே மருந்தில் லுட்டீசியம்-177 என்ற தனிமத்தைக் கட்டினால் வைத்தியமே ஆகிவிடுகிறது. எல்லா மருந்தும் கைவிட்டவர்களுக்கு ஆயுளைச் சராசரியாக நாலு மாதம் கூட்டியது. நாலு மாதம் என்றால் குறைவாகத் தெரியலாம். எலும்பு வலி குறைந்த நாலு மாதம் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த லுட்டீசியத்தை நம் டிராம்பே அணு உலையிலேயே செய்கிறார்கள். இந்த ஊசி போட்டவர்கள் மட்டும் சில நாள் பேரப்பிள்ளையிடமிருந்து விலகி இருக்க வேண்டும்.

பணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கதிர்வீச்சும் அதில் வரும். எந்த முறை வரும், எந்த ஆஸ்பத்திரியில் வரும் என்பதைச் சேரும் முன்பே அங்கே உட்கார்ந்திருக்கும் காப்பீட்டு ஆளிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்குத் தனி, தங்க மணிக்குத் தனி என்று பிறகு வருவது உண்டு.

முடிந்த பிறகு பி.எஸ்.ஏ. ஆபரேஷன் செய்தவர்களுக்கு மாதிரி சட்டென்று விழாது. மெதுவாக இறங்கும், ஒன்றரை வருடம்கூட எடுக்கும். நடுவில் ஒருமுறை கொஞ்சம் ஏறிவிட்டு மறுபடி இறங்குவதும் சகஜம். மாமாவுக்கு அப்படி ஏறியபோது வீட்டில் அத்தை சாப்பிடவில்லை. இருந்ததிலேயே குறைந்த அளவைவிட 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. அதற்குள் பதற வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் எண் மாறும். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும், பயாப்சி ஸ்லைடு உட்பட, தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். சாரல் நேரம், பிளாஸ்டிக் கவரில்.